உள்ளிருந்து வெளியே போகிறது, வெளியிலிருந்து உள்ளே வர மறுக்கிறது: கணினி கேள்வி பதில்

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். மாடி அறையில் 16 ஜிபி ராம் உள்ள பழைய கணினியில் டெபியன் லினக்ஸ் நிறுவி, ஒரே கணினிக்குள் பல கணினிகளை இயக்க உதவும் கேவிஎம் மூலம் இரண்டு மெய்நிகர் கணினிகளை அமைத்திருக்கிறேன். ஒன்றில் விண்டோஸும் கடையின் பில்லிங் மென்பொருளும், மற்றொன்றில் மகளின் கல்லூரிப் பயிற்சிக்கான உபுண்டுவும் இருக்கின்றன. இரண்டிலும் இணையம் வருகிறது. ஆனால் கீழே கடையிலுள்ள கணினியிலிருந்து பில்லிங்கைத் திறக்க முடியவில்லை. வைஃபையில் பிரிட்ஜ் அமைத்துப் பார்த்தேன். இருந்த இணையமும் போய்விட்டது. எங்கே தவறு செய்தேன்?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: நீங்கள் நிறுவிய முறையில் குறையில்லை, தடை வைஃபையில்தான் இருக்கிறது. முதலில் நீங்கள் பயன்படுத்தியது நாட் (NAT) எனப்படும் இயல்பான அமைப்பு. அதில் மெய்நிகர் கணினிகளுக்கு 192.168.122 என்று தொடங்கும் தனி முகவரிகள் கிடைக்கும். ஒரே வாசல் கொண்ட வீட்டின் பின்கட்டில் குடியிருப்பவரைப் போல, அவை வெளியே போய்வரலாமே தவிர, தெருவிலிருந்து வருபவருக்கு அப்படியொரு குடித்தனம் இருப்பதே தெரியாது. ஆகவே கடைக் கணினியால் அதை அணுக முடியவில்லை.

பிரிட்ஜ் அமைத்தால் ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தன் சொந்த மேக் முகவரியுடன் (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) ரவுட்டரிடம் நேராகப் பேசும். கேபிளில் இதற்குத் தடையில்லை. வைஃபை ரவுட்டரோ, கடவுச்சொல் கொடுத்து இணைந்த மேக் முகவரி ஒன்றை மட்டுமே அறியும். அதே இணைப்பின் வழியாக வேறு முகவரியிலிருந்து வரும் தகவலைப் பொதுவாக ஏற்காது. அதனால்தான் ஐபி முகவரியே கிடைக்காமல் போயிற்று.

எனவே ரவுட்டரிலிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை சாதாரண கேபிளே போதுமானது என்பதால் இது பெரிய செலவில்லை. என்னைக் கேட்டால், புதிய ராம் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இதுதான். பிறகு பிரிட்ஜை லேன் போர்ட்டின் மேல் அமையுங்கள். அப்போது சர்வரின், அதாவது மாடிக் கணினியின், ஐபி முகவரி போர்ட்டை விட்டுப் பிரிட்ஜுக்கு மாறும். இடையில் ஒரு வரி பிசகினாலும் தொலைவிலிருந்து உள்ளே நுழைய முடியாது. ஆகவே அன்று மட்டும் மானிட்டரையும் கீபோர்டையும் சர்வரிலேயே செருகி, எதிரில் உட்கார்ந்து செய்யுங்கள். கடைசியாக, ரவுட்டரின் பட்டியலில் 52:54:00 என்று தொடங்கும் மேக் முகவரிகள் தென்படும். அவை உங்கள் மெய்நிகர் கணினிகளுடையவை. பில்லிங் இருக்கும் கணினிக்கு அங்கேயே நிலையான ஐபி ஒதுக்கிவிட்டால், கடையில் ஒவ்வொரு முறையும் முகவரி தேட வேண்டியிருக்காது.

ராமைப் பொறுத்தவரை விண்டோஸுக்கு 6 ஜிபி, உபுண்டுவுக்கு 4 ஜிபி கொடுத்து, மீதியைச் சர்வருக்கே விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மெய்நிகர் கணினியை வாரம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கிறேன். தனியாக பேக்கப் தேவையா?
– ஒரு வாசகி, ராணிப்பேட்டை

பதில்: கட்டாயம் தேவை. ஸ்னாப்ஷாட் என்பது அதே டிஸ்க்கில், பெரும்பாலும் அதே கோப்புக்குள்ளேயே இருக்கும் ஒரு பழைய நிலை. டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். ஒரு சித்திரை மாதத்தில், வேலூரின் வெயிலில் மின்சாரம் அடிக்கடி போய் வந்த நாட்களில், என் சர்வரின் டிஸ்க் இப்படித்தான் நின்றுபோனது. பல மாதக் கணக்குகளை மறுபடியும் கையால் ஏற்ற வேண்டியதாயிற்று. மெய்நிகர் கணினியை முறையாக நிறுத்திய பின்பே அதன் டிஸ்க் கோப்பை வெளி ஹார்ட்டிஸ்க்கிற்கு நகலெடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் நகல் பாதி எழுதப்பட்ட நிலையில் இருக்கக்கூடும். சர்வரை யுபிஎஸ்ஸில் வைத்து, அதன் யுஎஸ்பி கேபிளையும் சர்வரில் இணைத்து, பேட்டரி தீருமுன் மெய்நிகர் கணினிகள் தாமாகவே அணையும்படி அமைத்துவிடுங்கள். அமைத்ததும் ஒருமுறை யுபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கி, அவை வரிசையாக அணைகின்றனவா என்று நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.