ஒன்பது ஒன்றுகளின் வர்க்கம்

அன்புள்ள ஐயா,

12345678987654321 என்ற மாலைமாற்று எண்ணை (எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றேயான எண்) எக்செலில் அடித்தால் கடைசி இரண்டு இலக்கங்களும் 00 ஆகிவிடுகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் 320 என்று முடிகிறது. கையால் வகுத்ததில் 9ஆல் வகுபடுகிறது. 7, 11, 13 போட்டால் மீதி வருகிறது. இதை முழுவதுமாக உடைப்பது எப்படி? ஒன்றுகளைக் கூட்டிக்கொண்டே போனால் இந்த வடிவம் தொடருமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் திரையை நம்பாதீர்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும், மிச்சம் பூஜ்யமாகிவிடும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண், 2இன் 53ஆம் அடுக்கான 9007199254740992ஐத் தாண்டியதும் ஒற்றைப்படை எண்களைப் பிடிக்காது. அதனால்தான் பக்கத்து இரட்டைப்படை எண் வந்தது. பைத்தான் என்ற நிரல்மொழியில் போடுங்கள், எவ்வளவு நீளமான முழு எண்ணும் சிதையாது. வகுக்கும்போது மட்டும் இரட்டைச் சாய்கோடு போடுங்கள்; ஒற்றைச் சாய்கோடு விடையைத் தசம எண்ணாக்கும், அதே பிழை திரும்ப வரும்.

இனி உடைப்பது. 17 இலக்கத்தோடு மோத வேண்டியதே இல்லை. இது 111111111இன் வர்க்கம். ஒன்றுகளை மும்மூன்றாகப் பிரித்தால் 111 × 1001001. முன்னது 3 × 37. பின்னது 3 × 333667.

333667 பகா எண்தானா என்று பார்க்க 577 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுக்கத் தேவையில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 111111111ஐ வகுக்கும் பகா எண் 3, 37 தவிர வேறொன்றாக இருந்தால், 10இன் அடுக்குகளை அதனால் வகுக்கும்போது மீதி முதன்முறையாக 1 ஆவது ஒன்பதாம் அடுக்கில்தான். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்து வரும் அடுக்கிலும் மீதி 1தான்; எனவே அந்த அடுக்கு 9ஆல் வகுபட்டாக வேண்டும். பகா எண் ஒற்றைப்படை என்பதால், ஒன்றைக் கழித்தது 18ஆலும் வகுபடும். ஆக 19, 37, 73, 109, 127 என்று 577 வரை 17 பகா எண்களோடு 3ஐயும் பார்த்தால் போதும். ஒன்றாலும் வகுபடாது, 333667 பகா எண்.

உங்கள் எண் = 3⁴ × 37² × 333667². வகுத்திகள் 5 × 3 × 3, அதாவது 45.

11ஆல் வகுபடாததில் வியப்பில்லை. இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக உள்ள மாலைமாற்று எண்தான் எப்போதும் 11ஆல் வகுபடும். 16 இலக்கமுள்ள 1234567887654321ஐப் பாருங்கள்: 11111111 × 111111111. முதல் காரணியிலேயே 11 இருக்கிறது.

பத்து ஒன்றுகளில் வடிவம் உடைந்துவிடும்: 1234567900987654321. நடுவில் பத்து ஒன்றுகள் கூடி 10 ஆகின்றன. கையில் நிற்கும் 1 இடப்பக்கத்து 9ஐ 10 ஆக்கும், அது அடுத்த 8ஐ 9 ஆக்கும். வலப்பக்கம் அப்படியே இருக்கும்.

9ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட நாட்டில் கணித அறிஞர் மகாவீரர் எழுதிய கணிதசாரசங்கிரகத்தில், விடை கழுத்துமாலை போல அமையும் பெருக்கல்கள் வருகின்றன. அதில் ஒன்று 27994681 × 441 = 12345654321. இது 111111இன் வர்க்கம்; 111111 = 3 × 7 × 11 × 13 × 37. அவர் 3ஐயும் 7ஐயும் தனியே எடுத்து 21இன் வர்க்கத்தை ஒரு பக்கம் வைத்திருக்கிறார். மற்றது 5291இன் வர்க்கம்.