மரம்ஐ, வீடுயில், ஆத்தில்: மூன்றும் ஒரே பிழை அல்ல

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் மூன்றாம் வகுப்பு. தனிச்சொற்களைப் பிழையில்லாமல் எழுதுகிறாள். வாக்கியம் எழுதச் சொன்னால் "மரம்ஐ வெட்டினார்", "வீடுயில் பூனை", "ஆத்தில் மீன்" என்று எழுதுகிறாள். பத்துப் பத்து முறை எழுத வைத்தும் மாறவில்லை. பாட்டி வீட்டில் தெலுங்கு பேசுவதால் குழம்புகிறாளா, விதிகளை மனப்பாடம் செய்ய வைக்கலாமா என்று கேட்கிறார்.

முதலில், பத்து முறை எழுத வைப்பதை நிறுத்திவிடுங்கள். நீங்கள் அனுப்பிய மூன்று பிழைக்கும் காரணம் வேறு வேறு. ஒரே மருந்து மூன்றுக்கும் கேட்காது.

"மரம்ஐ" என்று எழுதும் பிள்ளை பேசும்போது "மரத்த வெட்டிட்டாங்க" என்றுதான் சொல்லும். "மரம வெட்டிட்டாங்க" என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. வாய்க்குத் தெரிந்தது கைக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அதனால் எழுதும் முன் வாக்கியத்தை ஒருமுறை பேசச் சொல்லுங்கள். "மரத்த" என்பாள். "புத்தகத்தில் எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். "மரத்தை" என்று அவளே சொல்வாள். பிறகு எழுதட்டும். பணம், படம், மாம்பழம் எல்லாம் இதே வழிதான். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு பஸ்ஸில் போகும்போதே இதை விளையாட்டாக நடத்தலாம். பஸ் எங்கே நிற்கும்? காவேரிப்பட்டணத்தில், காரிமங்கலத்தில். ஊர்ப்பெயர் 'ம்' என்று முடிந்தால் 'த்தில்' வருவதை நீங்கள் சொல்லாமலே பிடித்துக்கொள்வாள்.

"வீடுயில்" வேறு வகை. இதைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சிதான், ஏனென்றால் குழந்தை யோசித்திருக்கிறது. கிளியை, மலையில், பள்ளியில் என்று படித்தவள், இடையில் ஒரு 'ய்' வரவேண்டும் என்று தானாகவே ஒரு விதி கண்டுபிடித்திருக்கிறாள். அந்த விதி இ, ஈ, ஐ ஓசையில் முடியும் சொற்களுக்குச் சரி. பூ, நிலா, பசு, தெரு போன்றவற்றில் 'வ்' வரும்: பூவை, நிலாவை, பசுவை, தெருவில். வீடு, காடு, மாடு வந்தால் 'ட்' இரட்டிக்கும்: வீட்டில், காட்டில், மாட்டை. பாலக்கோடும் அப்படித்தான், பாலக்கோட்டில். 'டு'வுக்கு முன்னால் புள்ளி எழுத்து நின்றால் இரட்டிக்காது: நண்டை, துண்டை. பந்து, கிழங்கு போன்றவற்றில் உகரம் மட்டும் மறையும்: பந்தை, கிழங்கை. இத்தனையையும் ஒரே நாளில் சொல்லாதீர்கள். வாரத்துக்கு ஒரு வகை, நாளுக்கு நான்கு சொல் போதும்.

அப்புறம் "ஆத்தில்". இங்கே வாயை நம்பியதுதான் வினை. நாம் ஆத்துல, கெணத்துல, சோத்துல, வயித்துல என்று பேசுகிறோம். மரத்துல, கழுத்துல என்றும் பேசுகிறோம். காதுக்கு எல்லாம் ஒரே 'த்து'தான். எழுத்தில் மட்டும் பிரியும். இதற்கு ஒரு வழி இருக்கிறது: பின்னால் ஒட்டியதைக் கழற்றி, தனிப்பெயரைக் கேட்பது. "ஆத்துல என்றாயே, அதன் பெயர் என்ன?" ஆறு. பெயரில் 'று' இருக்கிறது, அதனால் ஆற்றில். கிணறு, கிணற்றில். சோறு, சோற்றில். வயிறு, வயிற்றில். "மரத்துல?" மரம். 'று' இல்லை, மரத்தில். "கழுத்துல?" கழுத்து. பெயரிலேயே 'த்து' இருக்கிறது, கழுத்தில். தென்பெண்ணை ஓடும் ஊரில் இருக்கிறீர்கள், ஆற்றிலிருந்தே தொடங்குங்கள். இந்தக் கேள்வி பழகிவிட்டால் புதுச் சொல் வந்தாலும் தானே கேட்டுக்கொள்வாள்.

பாட்டியைத் தெலுங்கு பேச வேண்டாம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தெலுங்கிலும் சொல் இப்படி உருமாறும். வாய் 'நோரு', வாயில் என்றால் 'நோட்லோ'. வீடு 'இல்லு', வீட்டில் என்றால் 'இண்ட்லோ'. பாட்டியிடம் இந்த இரண்டையும் சொல்லச் சொல்லி, "பார், அங்கேயும் சொல் மாறுகிறது" என்று காட்டுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசும் வீடுகளில் 'மனெயல்லி' என்பார்கள். வீட்டில் என்று பொருள், நடுவில் அதே 'ய்'. ஒன்று மட்டும் உண்மை: வீட்டில் தமிழ் குறைவாகக் கேட்டால் "மரத்த" என்பது தானாக நாக்கில் வராது. அப்படியானால் தினம் பத்து நிமிடம் கதை வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்து வரப்போகும் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். கல்லை, பாலை. ஒரே ஒரு குறிலுக்குப் பின் புள்ளி எழுத்து வந்தால் அது இரட்டிக்கும்: கல்லை, பல்லை, கண்ணை, முள்ளை. நெடில் வந்தால் இரட்டிக்காது: காலை, பாலை, மீனை. இதை 'இல்' வைத்துத் தொடங்காதீர்கள். பேச்சில் "கால்ல அடிபட்டுச்சு" என்கிறோம், அதைக் கேட்டுக் "கால்லில்" என்று எழுதிவிடுவாள். "கல்ல எடு", "பால குடி" என்று 'ஐ' வைத்தால் வித்தியாசம் காதிலேயே விழும்.

'கள்' சேர்ப்பதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். வீட்டில், வீட்டை என்று பழகிய சூட்டில் "வீட்டுகள்" என்று எழுதுவாள், ஆனால் அங்கே 'ட்' இரட்டிக்காது, வீடுகள்தான். மரங்கள், கற்கள் எல்லாம் தனிப் பாடம். எழுத்துகள், எழுத்துக்கள் இரண்டையும் அச்சில் பார்க்கிறோம். அவள் எதை எழுதினாலும் சிவப்பு மை வேண்டாம்.