"சாமிகிட்ட பேரமா அத்தை?"

கேள்வி: போன மாதம் என் வீட்டுக்காரருக்கு இதய ஆபரேஷன் நடந்தது. பிழைத்து வந்தால் அழகர்கோவிலில் முடியிறக்குவதாகவும், பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு அரிவாள் செய்து வைப்பதாகவும் நேர்ந்துகொண்டேன். மருமகள் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், மகன் விரும்பிக் கட்டியவள். நல்ல பிள்ளைதான். ஆனால் நேர்ந்துகொண்டதைச் சொன்னதும், "சாமிகிட்ட பேரம் பேசலாமா அத்தை?" என்று கேட்டுவிட்டாள். அவள் ராத்திரி முழுக்க ஐ.சி.யூ. வாசலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாளே தவிர எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை. எங்கள் சாமியை இளக்காரமாக நினைக்கிறாளோ என்று மனசு ஆறவில்லை.
— ஒரு வாசகி, மேலூர்

பதில்: "கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாளே தவிர" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்குக் கடிதம் நகரவில்லை. அதே தப்பை நானும் செய்திருக்கிறேன்.

மதுரையில் 31 வருஷம் நர்ஸாக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குழந்தைகள் வார்டில் ஒரு முஸ்லிம் அம்மாவின் நாலு வயதுப் பையன் விடியற்காலையில் இறந்துபோனான். அந்த அம்மா வாய்விட்டு அழவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிள்ளையின் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டார்.

நான் உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவள். எழவு வீட்டில் பெண்கள் வட்டமாக நின்று மாரடித்து ஒப்பாரி வைக்காவிட்டால் செத்தவருக்கே மரியாதை இல்லை என்று வளர்ந்தவள். 'கல்நெஞ்சுக்காரி' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், போட்ட பொத்தான்களை அவிழ்க்கிறார், மறுபடி போடுகிறார், மறுபடி அவிழ்க்கிறார். கூட இருந்த பாட்டி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சபூர் செய்யணும்மா, பொறுமையா இருக்கணும். அவன் குடுத்தது, அவன்கிட்டயே போயிருச்சு. கதறி அழுதா அவன் முடிவை எதிர்த்துப் பேசுற மாதிரி ஆயிரும்." அந்த அம்மாவுக்குப் பிறந்ததிலிருந்து காதில் விழுந்த பேச்சு அது. என் வீடு துக்கத்தைக் கொட்டச் சொல்லிக் கொடுத்தது. அந்த வீடு தாங்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அந்தக் கைகளைப் பார்த்த பிறகு யாருடைய அழுகையையும் நான் அளந்ததில்லை.

உங்கள் மருமகளுக்கு வருகிறேன். 1834-இல் அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்த காலத்திலிருந்து இந்தப் பக்கத்து சி.எஸ்.ஐ. வீடுகளில் பலவற்றுக்கும் ஒரு பாடம் உண்டு: கிருபை. எதைக் கொடுத்தும் வாங்க முடியாதது, கடவுள் சும்மா தருவது என்று சண்டே ஸ்கூலிலேயே படித்துவிடுவார்கள். அப்படி வளர்ந்த பிள்ளையின் காதில் 'பிழைத்தால் தருகிறேன்' என்பது விலை சொல்வதாகத்தான் விழும். கிறிஸ்தவர்கள் எல்லாருமே இப்படி என்றும் எண்ண வேண்டாம். எத்தனையோ கத்தோலிக்கக் குடும்பங்கள் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போடப் போகிறார்கள்.

ஆனால் 'பேரம்' என்ற சொல் சரியில்லை. அதை அவளிடம் நீங்கள் சொல்லத்தான் வேண்டும். நமக்குக் கருப்பன் எங்கோ தூரத்தில் இருப்பவன் இல்லை. அவன் சன்னிதியில் சந்தனம் பூசிய கதவுக்கு முன்னால் நின்று வழக்கைச் சொல்லி, சத்தியம் வாங்கி, திட்டக்கூடச் செய்கிற சனம் நாம். உறவுக்காரன் மாதிரி. உறவு என்றால் செய்முறை உண்டு. உங்கள் வீட்டு மொய் நோட்டை எடுத்து அவள் முன்னால் விரியுங்கள். நம் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் செய்ததை அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்கிறோமே, அதை யாராவது பேரம் என்பார்களா? செய்யாமல் விட்டால்தான் உறவு அறுந்தது என்று அர்த்தம். நீங்கள் கொடுக்கப்போகிற முடியும் அந்த வகைதான். இதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

'எல்லா சாமியும் ஒண்ணுதான்' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் அவள் கிருபையையும் நீங்கள் பார்க்கவில்லை, உங்கள் செய்முறையையும் அவள் பார்க்கவில்லை என்றாகிவிடும்.

முடியிறக்கப் போகும்போது அவளையும் கூப்பிடுங்கள். வந்தால் சந்தோஷம். கோவில் தோசையை அவள் வாங்கிச் சாப்பிடாவிட்டால் வருத்தப்படாதீர்கள். படைத்ததைத் தொடக்கூடாது என்பது பல புராட்டஸ்டன்ட் வீடுகளில் சின்ன வயசுப் பழக்கம். அது உங்கள் கைச்சோற்றை மறுப்பதாகாது.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அந்த ராத்திரி உங்கள் வீட்டுக்காரருக்காக மருமகள் தூங்காமல் இருந்திருக்கிறாள். "மாமாவுக்கு என்னம்மா சொல்லி ஜெபம் பண்ணுன?" என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். என்ன சொன்னாள் என்று முடிந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.