சுருக்கத்த மட்டும் படிச்சிட்டு ஓட்டு போடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் கலிஃபோர்னியால ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஐசியூ நர்ஸ். மாசக்கணக்கா இழுத்த பேச்சுவார்த்தை முடிஞ்சு மேனேஜ்மென்ட்டோட டென்டடிவ் அக்ரிமென்ட் (மெம்பருங்க ஓட்டு போட்டு ஏத்துக்கிட்டாத்தான் செல்லற ஒப்பந்தம்) வந்துடுச்சுன்னு யூனியன்லேர்ந்து மெசேஜ், கூடவே நாலு பக்க சுருக்கம். அடுத்த வாரம் அத ஏத்துக்கலாமா வேணாமான்னு ராட்டிஃபிகேஷன் ஓட்டு. சொன்ன தேதிக்குள்ள பாஸ் ஆச்சுன்னா ஆளுக்கு போனஸ் உண்டாம். 'நோ' ஜெயிச்சா மறுநாளே ஸ்ட்ரைக்னு யூனிட்ல பேசிக்கிறாங்க. வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதான். பயமா இருக்கு.

பதில்: அந்த 'மறுநாளே ஸ்ட்ரைக்' கதைய முதல்ல தூக்கிப் போடும்மா. 'நோ' ஜெயிச்சா அந்த அக்ரிமென்ட் செல்லாது, யூனியன் சார்பா பேசற கமிட்டி திரும்ப பேச்சுவார்த்தை டேபிளுக்குப் போகணும், அவ்ளோதான். ஸ்ட்ரைக்குக்கு அனேகமா எல்லா யூனியன்லயும் தனி ஓட்டு இருக்கு, அதுவும் பாஸாகி, அப்புறம் ஆஸ்பத்திரிக்கும் ஃபெடரல் மீடியேஷன் ஆஃபீஸுக்கும் (மத்தியஸ்தம் பண்ற மத்திய அரசு ஆஃபீஸ்) தேதி நேரம் போட்டு 10 நாள் முன்னாடியே எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், தனியார் ஆஸ்பத்திரிக்கு இது சட்டம். இந்தப் புரளிய யார் கிளப்பி விடறாங்கன்னு எனக்கு ஒரு யூகம் இருக்கு, அத விடு.

அதுக்காக 'நோ' போட்டா ஒண்ணும் நஷ்டமில்லன்னும் சொல்ல மாட்டேன். போனஸ் போகலாம், ஏத்தின சம்பளம் கைக்கு வர்றது தள்ளிப் போகலாம், மேனேஜ்மென்ட் இன்னும் முறுக்கிக்கலாம். 2025 ஜனவரி 10 அன்னிக்கு ஆரேகான்ல ப்ராவிடன்ஸ் ஆஸ்பத்திரிகள்ல கிட்டத்தட்ட 5,000 நர்ஸுங்க ஸ்ட்ரைக்ல இறங்கினாங்க, பிப்ரவரி ஆரம்பத்துல வந்த டென்டடிவ் அக்ரிமென்ட்ட ஓட்டு போட்டுத் தள்ளிட்டாங்க, அதே மாசக் கடைசில வந்த அடுத்ததத்தான் ஏத்துக்கிட்டாங்க. நடுவுல வந்த அத்தன வாரமும் சம்பளம் இல்லாம வாசல்ல நின்னாங்க. கெய்சர் பர்மனென்டேங்கற ஆஸ்பத்திரி குழுமத்துல 2023 அக்டோபர்ல 75,000 பேருக்கு மேல மூணு நாள் ஸ்ட்ரைக் பண்ணி வாங்கின அக்ரிமென்ட்டுக்கோ 98.5 சதவீதம் 'யெஸ்'. ரெண்டு பக்கமும் நடந்திருக்கு, அதனால உன் கைல இருக்கிற பேப்பர்ல என்ன எழுதியிருக்குங்கறதுதான் விஷயம்.

அந்த நாலு பக்கத்துல நல்ல சேதி மட்டும்தான் இருக்கும். முழு டெக்ஸ்ட் கேளு, எத அடிச்சாங்க எதச் சேத்தாங்கன்னு கோடு போட்டுக் காட்டற காப்பியா கேளு, ஓட்டுக்கு முன்னாடி நிதானமா படிக்கிற அளவுக்கு டைம் வெச்சு கேளு. கிடைச்சதும் எல்லாரும் சம்பளப் பக்கத்துக்கு ஓடுவாங்க, நீ ஸ்டாஃபிங் பக்கத்துக்குப் போ. ஒரு ஆஸ்பத்திரி கான்ட்ராக்ட்ல நான் கண்ணால பாத்தது, பேர் வேணாம்: ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு நர்ஸுக்கு எத்தன பேஷன்ட்னு கட்டம் கட்டமா அழகா டேபிள், சுருக்கத்துலயும் அதுதான் பெரிய எழுத்துல. டேபிளுக்குக் கீழ, கடைசி வரில, 'இந்தப் பிரிவு ஆர்பிட்ரேஷனுக்கு உட்பட்டதல்ல'ன்னு ஒரு வாக்கியம். அதாவது நைட் ஷிஃப்ட்ல ரெண்டு ஆள் குறைஞ்சா நீ ஃபார்ம் எழுதிக் குடுக்கலாம், கமிட்டி கூடிப் பேசலாம், வெளி ஆள் ஒருத்தர் உக்காந்து 'தப்பு, பணத்தக் கட்டு'ன்னு தீர்ப்பு சொல்ல வழி கிடையாது. கலிஃபோர்னியால ஐசியூவுக்கு ஒரு நர்ஸுக்கு ரெண்டு பேஷன்ட்டுக்கு மேல கூடாதுன்னு மாநில விதியே இருக்கு, ஆனா பிரேக்குக்கு ஆள் மாத்தி விடறது, வேற யூனிட்டுக்குத் தூக்கி அனுப்பறது இதெல்லாம் கான்ட்ராக்ட்ல எவ்ளோ இறுக்கமா எழுதியிருக்குன்னு பாரு.

போனஸப் பத்தி ஒரு வார்த்தை. அது ஒரு தடவ வந்து வரி போக மிச்சம் கைக்கு வரும், அடிப்படைச் சம்பளத்துல ஏறாது. ஒரு சதவீதம் அடிப்படைல ஏறினா அதுக்கு மேலதான் அடுத்தடுத்த வருஷ உயர்வு எல்லாம் கணக்காகும். கெடு வெச்ச போனஸ்னா படிக்காம ஓட்டு போட வைக்கத்தான்னு எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம். இன்ஷூரன்ஸ் பிரீமியத்துல உன் பங்கு ஏறுதான்னும் பாத்துக்க, உயர்வுல பாதிய அதுவே தின்னுடும்.

மீட்டிங் வெச்சாங்கன்னா கமிட்டிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளு, 'நீங்க எல்லாரும் சேந்து இத சிபாரிசு பண்றீங்களா, உள்ள யாராவது எதிர்த்தாங்களா?' பதில் சொல்ல எவ்ளோ நேரம் எடுத்துக்கறாங்கன்னு கவனி. நல்லா இருந்தா தைரியமா 'யெஸ்' போடு, கமிட்டி ஆளுங்களும் ஷிஃப்ட் முடிச்சிட்டு ராத்திரி வரைக்கும் உக்காந்துதான் இத வாங்கியிருப்பாங்க.

கேள்வி: நான் யூனியன்ல சேரல. ஆனா அந்த கான்ட்ராக்ட் எனக்கும் பொருந்துமாமே, அப்போ ஓட்டும் உண்டா?

பதில்: பொதுவா இல்லீங்க. யூனியன் யாருக்கெல்லாம் சேத்துப் பேசுதோ அந்த எல்லாருக்கும் கான்ட்ராக்ட் பொருந்தும், ஓட்டு மெம்பருக்கு மட்டும். இன்னொண்ணு கேட்டா ஆச்சரியப்படுவீங்க, ராட்டிஃபிகேஷன் ஓட்டு வெச்சே ஆகணும்னு அமெரிக்க ஃபெடரல் லேபர் சட்டத்துலயே இல்ல, அது அந்தந்த யூனியனோட சொந்த விதி. யாரு போடலாம், எப்படி எண்ணறதுங்கறதெல்லாம் அதுலதான் இருக்கும். ஓட்டு நாளுக்கு முன்னாடியே மெம்பர் கார்டுல கையெழுத்து போட்டா அனுமதிக்கிற யூனியன் நிறைய, உங்க ஸ்டூவர்டக் (வேல பாக்கற இடத்துல இருக்கிற யூனியன் பிரதிநிதி) கேளுங்க.

கேள்வி: என் பொண்ணு நியூயார்க்ல நர்ஸ், போன வாரம் ஸ்ட்ரைக் ஓட்டுல 'யெஸ்' போட்டேன்னு சொல்றா. உயிருக்குப் போராடற நோயாளிய விட்டுட்டு வாசல்ல போய் நிக்கலாமா? எனக்கு மனசு ஒப்பல.

பதில்: ஐயா, உங்க கவலை நியாயம். அதுக்குத்தான் அந்த 10 நாள் நோட்டீஸ். லாப நோக்கமில்லாத தனியார் ஆஸ்பத்திரிகளயும் 1974-ல தேசிய லேபர் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தப்போ, ஆஸ்பத்திரிக்குன்னே சேத்த விதி அது. அந்த அவகாசத்துல அவசரமில்லாத ஆபரேஷனத் தள்ளி வைப்பாங்க, நோயாளிகள வேற இடத்துக்கு மாத்துவாங்க, வெளி மாநிலத்துலேர்ந்து மாத்து நர்ஸ எறக்குவாங்க. ஓட்டுல 'யெஸ்' விழுந்தா ஸ்ட்ரைக் நடந்தே தீரும்னும் இல்ல, நோட்டீஸ் குடுத்த பிறகு கடைசி நேரத்துல டீல் ஆகற ஆஸ்பத்திரிகளும் இருக்கு.

உங்க பொண்ணு இருக்கிற நியூயார்க்லயே 2023 ஜனவரில மவுன்ட் சைனாய், மான்டிஃபியோர் ஆஸ்பத்திரி ரெண்டுலயும் சேத்து 7,000 நர்ஸுங்க மூணு நாள் வெளிய நின்னாங்க. அவங்க சண்டைல சம்பளம் இருந்தது, ஆனா பெரிய சண்டை ஆள் பத்தாக்குறைக்கு. அதே வருஷம் மவுன்ட் சைனாய்ல பச்சக் குழந்தைங்க ஐசியூல ஆள் இல்லாம வேல பாத்த நர்ஸுங்களுக்கு 1,27,000 டாலருக்கு மேல குடுக்கச் சொல்லி ஆர்பிட்ரேட்டர் தீர்ப்பு சொன்னாரு. ஆள் குறைச்சா ஆஸ்பத்திரிக்குக் கை கடிக்கும்னு ஆனாத்தான் ஆள் எடுப்பாங்க. பொண்ணுகிட்ட எதுக்காக 'யெஸ்' போட்டேன்னு கேளுங்க, அனேகமா ஒரு ராத்திரி ஷிஃப்ட்டப் பத்திதான் சொல்லுவா.

கேள்வி: நான் 'நோ' போட்டது மேனேஜருக்குத் தெரிஞ்சிடுமா?

பதில்: ஓட்ட நடத்தறது யூனியன், மேனேஜ்மென்ட்டுக்கு அதுல வேல இல்ல, யாரு எப்படி போட்டாங்கன்னு அவங்களுக்கு லிஸ்ட் போகாது. 'எப்படி போட்ட?'ன்னு மேனேஜர் நேரா நோண்டினா அதுவே சட்டச் சிக்கலாகலாம், பதில் சொல்லாம தேதி நேரத்த குறிச்சு ஸ்டூவர்ட்கிட்ட குடுங்க. ஆனா ஆஸ்பத்திரி ஈமெயில்ல இதப் பத்தி ஒரு வரி கூட எழுதாதீங்க, அது அவங்களோட சர்வர்.