வராத விளையாட்டுக்கு முற்பணம் கட்டலாமா?

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பாடசாலைக் காலத்தில் என் மாமா வீட்டுக் கணினியில், ஐரோப்பியர் அமெரிக்காவில் குடியேறும் கதையை வைத்த 'கொலனைசேஷன்' என்ற விளையாட்டை விளையாடி வளர்ந்தோம். மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து, முறை வைத்து உட்காருவோம். அந்த விளையாட்டைப் புதிதாகச் செய்து வெளியிடப் போகிறார்கள் என்று இப்போது எங்கள் வட்டத்தில் ஒரே பேச்சு. நகரில் ஒரு கடையில், இப்போதே கட்டினால் ஆளுக்கு 6,000 ரூபாய், வெளிவந்த பிறகு 9,000 ரூபாய் என்கிறார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து 30,000 ரூபாய். கட்டலாமா?
(உவர்மலை வாசகர்)

பதில்: கட்டாதீர்கள்.

கொழும்புக்குப் போகும் இரவு ரயிலில் படுக்கைக்கு முன்பதிவு செய்கிறோம். படுக்கைகள் எண்ணிக்கையில் அடங்கியவை, பிந்தினால் கிடைக்காது. இணையத்தில் இறக்கிக்கொள்ளும் விளையாட்டு அப்படித் தீர்ந்துபோகிற சரக்கு அல்ல. வெளிவரும் அன்று ஊரே திரண்டு வாங்கினாலும் உங்களுக்கும் ஒரு பிரதி இருக்கும். ஆகவே இந்த முன்பதிவில் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கடைக்காரருக்குத்தான் 30,000 ரூபாய் வட்டியில்லாமல் கிடைக்கிறது.

வேண்டுமானால் கடைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். வெளியிடும் நிறுவனம் எது? எந்த இணையக் கடையில் அதற்கான பக்கம் இருக்கிறது? பணம் கட்டினால் என் கையில் தரப்போவது என்ன? கடைசிக் கேள்விக்கு அநேகமாக மழுப்பலான பதில்தான் வரும். 'கீ' எனப்படும் குறியீட்டு எண் தருகிறோம் என்றால், அது இலங்கையில் செல்லுபடியாகுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். வேறு நாட்டுக்கென்று விலை குறைத்து விற்ற எண்கள் இங்கே திறக்காமல் போவதுண்டு. 'கணக்கு' தருகிறோம், கடவுச்சொல்லும் தருகிறோம் என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். கணக்கைத் திறந்தபோது யாருடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தார்களோ அவரே அதன் சொந்தக்காரர். நாளைக்கு அவர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் நீங்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். ஸ்டீம் போன்ற இணையக் கடைகள் கணக்கை விற்பதை அனுமதிப்பதும் இல்லை.

இன்னொன்று. நீங்கள் காத்திருக்கும் அந்தப் புதிய பதிப்பு ஏற்கெனவே ஒரு முறை வந்துவிட்டது. மூல விளையாட்டு 1994 இல் மைக்ரோபுரோஸ் நிறுவனம் வெளியிட்டது. பிரையன் ரெனோல்ட்ஸும் சிட் மையரும் வடிவமைத்தது. அதன் மறு ஆக்கத்தை ஃபிராக்ஸிஸ் நிறுவனம், தன்னுடைய 'சிவிலைசேஷன் 4' என்ற விளையாட்டின் அடிப்படையில், 2008 செப்டெம்பரில் 'சிவிலைசேஷன் 4: கொலனைசேஷன்' என்ற பெயரில் கொண்டுவந்தது. அதற்காக அப்போது நானும் காத்திருந்தேன். கொழும்பில் ஒரு கடையில் முற்பணமும் கட்டினேன். உலகத்துக்கு வெளிவந்து ஆறு வாரம் கழித்து என் கையில் கிடைத்தது, மேலே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய இறுவட்டு. பற்றுச்சீட்டு இல்லை. கேட்டதற்கு, "விளையாட்டு ஓடுகிறதுதானே, தம்பி?" என்றார் கடைக்காரர். ஓடத்தான் செய்தது, இரண்டாவது கிழமை வரை.

சரி, அது திருட்டுப் பிரதி. நல்ல பிரதி வாங்கியவர்களும் எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை. பழைய விளையாட்டின் உயிர் எது என்று உங்களுக்குத் தெரியும்: கரும்பை ரம்மாக்கி, புகையிலையைச் சுருட்டாக்கி ஐரோப்பாவுக்கு அனுப்புவது, மன்னர் வரியை உயர்த்த உயர்த்த, கட்ட மாட்டோம் என்று சரக்கைக் கடலில் கொட்டுவது, மக்களில் பாதிப்பேரை விடுதலைப் பக்கம் திருப்பிச் சுதந்திரம் அறிவிப்பது. 2008 பதிப்பில் விடுதலை மணிகளை அடிக்க அடிக்க மன்னரின் படையும் பெருத்துக்கொண்டே போனது. ஆகவே கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் கடைசிக் கட்டம் வரை மணியே அடிக்காமல் இருந்தார்கள். விடுதலைக்காக உழைத்தவனுக்குத் தண்டனை, சும்மா இருந்தவனுக்குப் பரிசு. இதை வாங்கி விளையாடியவர்தான் கண்டுபிடிக்க முடியும். முன்பதிவு செய்தவர் இதற்கும் சேர்த்தே பணம் கட்டியிருந்தார்.

மறு ஆக்கம் என்றாலே பழையது மேலும் அழகாகும் என்று நினைக்கிறோம். 2002 இல் வந்த 'வார்கிராஃப்ட் 3' இன் மறு ஆக்கம் 2020 ஜனவரியில் வெளியானபோது, காட்டிய முன்னோட்டத்துக்கும் கையில் கிடைத்ததற்கும் இடையில் இருந்த தூரத்தைப் பார்த்து எழுந்த கூச்சலில், கேட்டவர்களுக்கெல்லாம் நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதைவிடப் பெரிய வேதனை, புதியதை வாங்காமல் பழையதை இணையத்தில் விளையாடிக்கொண்டிருந்தவர்களும் மாற்றத்துக்குள் இழுக்கப்பட்டது. நேரடியாக வெளியீட்டாளரிடம் கட்டியதால்தான் அங்கே பணம் திரும்பியது. நம்மூர்க் கடையில் கட்டியிருந்தால் யாரிடம் போவது?

மனம் கேட்காது, முன்பதிவு செய்தே தீருவோம் என்றால், உங்கள் சொந்தக் கணக்கில், உத்தியோகபூர்வ இணையக் கடையில் மட்டும் செய்யுங்கள். ஸ்டீமில் முன்பதிவை வெளியீட்டு நாளுக்கு முன் எப்போதும் ரத்துச் செய்யலாம். வெளிவந்த பிறகு 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும். அதிக விலைக்கு வாங்கியவர்களுக்கு இரண்டு மூன்று நாள் முன்னரே திறந்துவிடுகிறார்களே, அந்த நேரமும் 2024 ஏப்ரல் முதல் இந்த இரண்டு மணியில் சேர்கிறது. ஸ்டீம் இலங்கைக்கு டொலரில் விலை போடுகிறது. திரும்பி வருவதும் டொலர் கணக்கில்தான். போகும்போது ஒரு மாற்று வீதம், வரும்போது ஒரு மாற்று வீதம், நடுவில் வங்கிக் கட்டணம். அந்த வித்தியாசத்தை யாரும் ஈடுகட்ட மாட்டார்கள்.

கேள்வி: 2008 பதிப்பை விளையாட, சிவிலைசேஷன் 4 ஐயும் முதலில் வாங்க வேண்டுமா?
(மட்டிக்களி வாசகர்)

பதில்: வேண்டாம். அது தனித்தே இயங்கும். ஆனால் சிவிலைசேஷன் 4 இன் முழுத் தொகுப்பிலும் அது சேர்ந்தே வருகிறது. தள்ளுபடிக் காலத்தில் இரண்டின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: என்னிடம் 4 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினிதான் இருக்கிறது. இறுவட்டுச் செலுத்தியும் இல்லை. கடனட்டையும் இல்லை. கொலனைசேஷன் விளையாட வழி உண்டா?
(கிண்ணியா வாசகி)

பதில்: இந்தக் கிழமைக் கடிதங்களில் மகிழ்ச்சியோடு பதில் எழுதுவது உங்களுக்குத்தான், சகோதரி. ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

'ஃப்ரீகோல்' என்று ஒன்று இருக்கிறது. 1994 விளையாட்டை நேசித்தவர்கள் தாமாகவே சேர்ந்து 2003 இலிருந்து எழுதிவரும் திறந்த மூல மென்பொருள். சம்பளம் இல்லை, விளம்பரம் இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரியில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்டார்கள். அந்தப் பொறுமையைப் பார்த்து எனக்கு ஒரு தனி மரியாதை. ஜாவா என்ற துணை மென்பொருளில் இயங்குவதால் விண்டோஸ், லினக்ஸ், மேக் எதுவானாலும் சரி. உங்கள் மடிக்கணினியில் ஜாவா 11 அல்லது அதற்குப் பிந்தியது இருக்க வேண்டும், அதுவும் இலவசமே. பழைய ஆட்டத்தின் அமைப்பு அப்படியே இருக்கிறது: ஆங்கிலேயருக்குக் குடியேறிகள் அதிகம், பிரெஞ்சுக்காரருக்குப் பூர்வகுடிகளோடு இணக்கம், ஒல்லாந்தருக்கு வியாபாரம், ஸ்பானியருக்குச் சண்டை. படங்கள் கண்ணைப் பறிக்காது. ஆட்டம் இரவு இரண்டு மணி வரை எழும்ப விடாது.

பின்னாளில் வீட்டில் யாருடைய அட்டையாவது கிடைத்தால், மூல விளையாட்டே ஜிஓஜி என்ற இணையக் கடையில் சில டொலருக்குக் கிடைக்கிறது. விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்து விளையாட்டை இன்றைய விண்டோஸில் ஓட வைக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளையும் சேர்த்தே தருகிறார்கள். நிறுவும் கோப்பை இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். கடை நாளை மூடினாலும் அது உங்களிடம் இருக்கும். வாங்கி 30 நாட்களுக்குள், விளையாடிப் பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். உவர்மலை நண்பர் கட்டவிருந்த 6,000 ரூபாயை ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3' இன் புதுப்பித்த பதிப்பு வேண்டும் என்று நச்சரிக்கிறான். அதில் இலங்கையே வரைபடமாக வருகிறதாம். வாங்கிக் கொடுக்கலாமா? டேட்டா எவ்வளவு போகும்? இன்னொரு தயக்கமும் இருக்கிறது. ஊர்களைப் பிடிக்கும் வெள்ளைக்காரனாக நின்று அவன் விளையாடுவதை நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.
(பாலையூற்று, ஓர் ஆசிரியை)

பதில்: வாங்க வேண்டாம். வாங்காமலே பார்க்க விடுங்கள். 2005 இல் வந்த அந்த விளையாட்டின் புதுப்பித்த பதிப்பு 2020 ஒக்டோபரில் வெளியானது. 2023 இலிருந்து அதை இலவசமாகவும் விளையாடலாம். எல்லா நாடுகளையும் திறக்க மாட்டார்கள், மாறி மாறிச் சிலவற்றை மட்டும் தருவார்கள். பையனின் ஆசை ஒரு மாதம் தாங்குகிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும். டேட்டாதான் செலவு: ஏறத்தாழ 40 ஜிபி இடம் கேட்கும். கைத்தொலைபேசி டேட்டாவில் இறக்க ஆரம்பித்தால் பொதி பாதி வழியில் முடிந்துவிடும். இரவு நேர டேட்டா தாராளமாக உள்ள வீட்டு இணைப்பில், தூங்கப் போகும் முன் போட்டுவிடுங்கள். அதற்கு முன் கணினியின் கிராஃபிக்ஸ் தாங்குமா என்பதையும் பாருங்கள்.

இலங்கை வரைபடம் இருப்பது உண்மை. 2007 இல் வந்த, ஆசிய நாடுகளைச் சேர்த்த இணைப்புத் தொகுப்பில் 'சிலோன்' என்ற பெயரில் சேர்த்தார்கள். அதே இணைப்பில் இந்தியர், சீனர், ஜப்பானியராகவும் நின்று விளையாடலாம். ஆகவே உங்கள் மகன் வெள்ளைக்காரனாகத்தான் நிற்க வேண்டும் என்றில்லை. 2020 பதிப்பில் பூர்வகுடி மக்களின் பெயர்களையும் திருத்தினார்கள். இரோக்குவா என்று இருந்ததை ஹோடினோசோனி என்றும், சூ என்று இருந்ததை லகோட்டா என்றும், அவர்கள் தங்களைத் தாங்களே அழைக்கும் பெயரிலேயே மாற்றினார்கள். கொலனைசேஷனில் இந்த அளவுகூட இல்லை. 1994 இலும் சரி, 2008 இலும் சரி, நான்கு ஐரோப்பியரில் ஒருவராகத்தான் நிற்க முடியும். புகையிலைத் தோட்டம், பருத்தித் தோட்டம் எல்லாம் இருக்கும், அடிமைகள் என்ற சொல்லே இருக்காது. வரலாற்றில் அந்தத் தோட்டங்களில் யார் வேலை செய்தார்கள் என்பதை ஆட்டம் விழுங்கிவிடுகிறது.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் தடுக்க மாட்டேன். ஆசிரியையான உங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அவனைத் திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். மான்களைப் பார்த்துக்கொண்டே கதையைச் சொல்லலாம். 1620 இல் டென்மார்க்குக்காரர் வந்து இறங்கியது, 1622 இல் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, 1624 இல் கோட்டை கட்டியது, 1639 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தது. பிறகு 1782. அந்த ஒரே ஆண்டில், ஜனவரியில் ஆங்கிலேயர் கைக்கும் ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கும் இந்த ஊர் மாறியது. மறுபடி ஒல்லாந்தரிடம் போய், 1795 இல் ஆங்கிலேயரிடமே நின்றது. அவன் திரையில் ஆடுவதை இந்தத் துறைமுகத்தில் நிஜமாகவே ஆடினார்கள், நம்மைக் கேட்காமல். அதைக் கேட்டபின் அவன் எந்தப் பக்கம் நின்று விளையாடுகிறான் என்பதை எனக்கு எழுதுங்கள்.

இணைப்புத் தொகுப்புகளுக்கு முன்கூட்டி ஆசைப்பட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். வரும் என்று சொல்லியிருந்த ஒரு புதிய இணைப்பைக் கைவிட்டதாக இதே விளையாட்டுக்காரர்கள் 2025 இல் அறிவித்தார்கள்.

கேள்வி: நகரில் வாங்கிய பழைய விளையாட்டு இறுவட்டு என் விண்டோஸ் 10 கணினியில் திறக்கவே இல்லை. "விற்றது விற்றதுதான்" என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்?
(சாம்பல்தீவு வாசகர்)

பதில்: முதலில், பழுது யாருடையது என்று பார்ப்போம். 2000 ஆம் ஆண்டுகளின் இறுவட்டு விளையாட்டுகள் பலவற்றில் 'சேஃப்டிஸ்க்' என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு இருந்தது. விண்டோஸ் 10 அதை ஏற்பதில்லை. அசல் இறுவட்டே ஆனாலும் திறக்காது. அப்படியானால் இறுவட்டில் பழுதில்லை. 'விண்டோஸ் 10 இல் ஓடும்' என்று சொல்லி விற்றாரா என்பதுதான் கேள்வி. சொல்லி விற்றிருந்தால் அது உத்தரவாதம், அதற்கு அவர் பொறுப்பு.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, விற்ற பொருள் கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லையென்றால் முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதங்களுக்குள் போக வேண்டும். மாவட்டச் செயலகத்தில் உள்ள அதிகார சபை அலுவலகத்தில் கொடுங்கள், அல்லது 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரியுங்கள். மார்க்கர் பேனாவால் எழுதிய இறுவட்டு என்றால் கதை வேறு. கணினி மென்பொருளுக்கு 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. திருட்டுப் பிரதிக்கு நியாயம் கேட்டுப் போகும்போது உங்கள் குரலும் கொஞ்சம் தாழ்ந்துதான் ஒலிக்கும்.

பற்றுச்சீட்டு தரவில்லையா? நீங்கள் கேட்டால் தர வேண்டியது வியாபாரியின் கடமை, அதே சட்டம் சொல்கிறது. இன்றைக்கே போய்க் கேட்டு வாங்குங்கள். வாங்கிய கையோடு அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். இப்போது தரும் வழுவழுப்பான தாள்களில் எழுத்து, முறைப்பாட்டு நாள் வருவதற்குள் மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடுகிறது.