கன்று போட்டு நாலு மாதமாகியும் பசு மெலிந்தபடியே நிற்கிறது, சினைப்படவில்லை. இனத்தின் குறையா, தீனியின் குறையா?

ஆறு வருடத்துக்கு முதல் இதை என்னிடம் கேட்டிருந்தால் "இனம்தான், வித்துப்போடுங்கோ" என்று முடித்திருப்பேன். அப்படி நம்பி நானே ஒரு பசுவை விற்றவன்.

எங்கள் வளவு யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம். சிவப்பி என்று ஒரு ஜேர்சிக் கலப்பு நின்றது. நல்ல வெயில் காலத்தில், ஆடி மாதம், இரண்டாவது கன்று போட்டது. அதற்கு முந்தின மூன்று மாதமும் அதற்கு வைக்கோலும் கிழித்த பனையோலையும்தான். பால் வற்றிய மாட்டுக்கு எதற்குப் புண்ணாக்கு என்று மிச்சம் பிடித்தேன். கன்று போட்டதும் வாரிக் கொட்டினேன். பால் ஏறியது, மாடு ஏறவில்லை. ஐந்து மாதமாகியும் காளை தேடி ஒருநாள்கூடக் கத்தவில்லை. மிருக வைத்தியர் கையை விட்டுப் பார்த்து, "கருப்பையில பிழை இல்லை தம்பி, சூலகம் வேலை செய்யேல்லை. மாட்டில சதை எங்க?" என்றார். நான் காதில் போடவில்லை. பட்டிப்பொங்கலுக்கு முதல் கிழமை கயிற்றை மாற்றிக் கொடுத்துவிட்டேன். வாங்கினவர் வடமராட்சியில் தோட்டம் செய்கிறவர். மாரிப் புல், கழித்த கோவா இலை, முருக்கங்குழை என்று போட்டிருக்கிறார். பங்குனியில் சினை. சந்தையில் கண்டபோது சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் தேடி வாசித்தேன். இந்த விஷயத்தை நுணுக்கமாகப் பார்த்தவர்களில் இறைச்சி மாடு வளர்க்கிறவர்கள் முக்கியமானவர்கள். (எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கே முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.) அவர்களுக்குப் பாலில் காசு இல்லை. ஒரு மாட்டுக்கு வருடத்துக்கு ஒரு கன்று, அதுதான் வருமானம். அதனால் அமெரிக்கப் பண்ணைகளில் மாட்டின் சதைப்பிடிப்புக்கு 1 முதல் 9 வரை புள்ளி போடுகிறார்கள். 1 என்றால் எலும்புக்கூடு, 9 என்றால் கொழுத்து உருண்டது. கன்று போடும் நாளில் 5 இருக்க வேண்டும், முதல் கன்றுக்காரிக்கு 6. நாலுக்குக் கீழே போனால் அடுத்த சினை தள்ளிப்போகும். சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் மிச்சம் 82 நாள்தான். அதற்குள் கருப்பை சுருங்கி, சூலகம் விழித்து, 21 நாள் சுற்று ஓடத் தொடங்கி, சினையும் பட வேண்டும். சிவப்பிக்கு நான் இப்போது 3 போடுவேன். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம், முதுகெலும்பு உள்ளங்கையில் குத்தும், வாலடி இரண்டு பக்கமும் குழி.

கன்று போட்ட பிறகு கொட்டினால் ஏன் காணாது? தின்பதை மாடு முதலில் தன் உயிருக்கும் அடுத்துப் பாலுக்கும் கொடுக்கும். சூலகத்தின் முறை கடைசியில்தான் வரும். உடம்புக் கொழுப்பு லெப்டின் என்ற ஓமோன் மூலம் மூளைக்குக் கையிருப்பைச் சொல்கிறது. கையிருப்பு குறைந்தால், சூலகத்தைத் தட்டியெழுப்பும் எல்எச் ஓமோனை மூளை அடிக்கடி விடாது. கன்று நாள் முழுக்கத் தாயோடு நின்று குடித்தாலும் இதே தடைதான்.

சரி, இனத்துக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. ஒரே பட்டியில் ஒரே புல்லைத் தின்னும் மாடுகளில் ஒன்று சதை பிடிக்கும், ஒன்று கரையும். அந்த வேறுபாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பரம்பரையால் வருவது. சினைப்படுவதில் உள்ள வேறுபாட்டில் பெரும்பாலும் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. இது கூட்டத்துக்குள் மாட்டுக்கு மாடு உள்ள வித்தியாசத்தின் கணக்கு. ஒரு தனி மாட்டைக் காட்டி "இதுக்கு இனம் பத்து வீதம், தீனி தொண்ணூறு வீதம்" என்று பிரிக்க முடியாது. ஆனால் இரண்டு குணமும் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கின்றன. சதை பிடித்து நிற்கும் பரம்பரையில் வந்தவை கன்று போட்ட பின் சினைக்கும் விரைவில் வரும்.

நாங்கள் பிழைவிடுவது வேறு இடத்தில். பெரிய உடம்பு, நிறையப் பால் என்று தெரிந்தெடுத்த பரம்பரை நல்ல மேய்ச்சலில் கொடிகட்டும். அதே மாட்டைக் காய்ந்த நிலத்தில் விட்டால் தன் சதையைப் பாலாக ஊற்றிவிட்டு வெறுமையாய் நிற்கும். அமெரிக்காவின் தெற்கு வெக்கையில் ஹெர்ஃபோர்ட், அங்கஸ் என்ற குளிர்நாட்டு இறைச்சி மாடுகளோடு பிராமன் கலந்தது இதற்கும் சேர்த்துத்தான். பிராமன் இந்தியாவிலிருந்து போன திமில் மாடுகளின் வழி வந்தது. கலப்பு வீரியமும் (இரண்டு இனம் கலந்த கன்று தாய் தகப்பனின் சராசரியை மிஞ்சுவது) சினைப்படுவது போன்ற, பரம்பரைப் பங்கு குறைந்த குணங்களில்தான் கூடத் தெரியும்.

ஆகவே உங்கள் பசுவை விற்க முதல் மிருக வைத்தியரைக் கூப்பிட்டுக் கருப்பையைப் பாருங்கள். நஞ்சுக்கொடி விழாமல் நின்று புண்ணாகியிருந்தால் தீனி மட்டும் காணாது. அதில் பிழையில்லை என்றால் கன்றைப் பகலில் தள்ளிக் கட்டி, தவிடு, புண்ணாக்கு, தாதுக் கலவை, பச்சைக் குழை கொடுங்கள். இரவிலும் ஒருதரம் எழும்பிப் பாருங்கள். திமில் மாட்டுக் கலப்புகளுக்கு வேட்கை சில மணித்தியாலம்தான், இரவில் வந்து விடிய முதல் அடங்கியும் விடும். அடுத்த முறை சினை ஆறாம் மாதத்திலேயே விலாவில் கை வையுங்கள். அப்போது சதை ஏற்றுவது சுகம், செலவும் குறைவு. நாகு (கன்று போடாத இளம் பசு) வாங்கினால் தாயின் பாலை மட்டும் விசாரிக்காமல், தாய் எத்தனை வருடத்தில் எத்தனை கன்று போட்டது என்றும் கேளுங்கள். விற்கிறவருக்கு அந்தக் கேள்வி பிடிக்காது.

இப்போது எங்கள் கொட்டிலில் நிற்பது சிந்தி என்ற திமில் மாட்டின் கலப்பு. பால் சிவப்பியின் பாதிதான், வீட்டில் அதற்கு இன்னும் முணுமுணுப்பு. அடுத்த மாதம் மூன்றாவது கன்று. காலையில் தடவிப் பார்த்தேன், கடைசி இரண்டு விலா மட்டும் கையில் தட்டுப்பட்டது.