நம்பர் போனால் ஜிமெயிலும் போய்விடுமா?

வாசகர் கேள்வி – பதில்

*என் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். ஊரில் வாங்கிய சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் நம்பர் கட்டாகிவிட்டது. ஜிமெயிலுக்கு அந்த நம்பரைத்தான் கொடுத்திருக்கிறான். கையிலிருக்கும் போனில் மெயில் திறக்கிறது. ஆனால் புதுப் போன் வாங்கப் போகிறானாம். மெயில் போய்விடுமா?*
– ஒரு வாசகி, மேலப்பாளையம்

இப்போதே கவனித்தால் போகாது. ஒரு போனிலாவது கணக்கு திறந்திருக்கும்வரை எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். அதுவரை அந்தப் போனை விற்கவோ, ரீசெட் செய்யவோ, சைன் அவுட் கொடுக்கவோ வேண்டாம் என்று இன்றைக்கே மகனிடம் சொல்லிவிடுங்கள்.

போன் செட்டிங்ஸில் ‘கூகுள்’, அதில் ‘மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுண்ட்’, அதற்குள் ‘செக்யூரிட்டி’. பாஸ்வேர்டு கேட்கும். பழைய நம்பர் இங்கே இரண்டு இடங்களில் இருக்கக்கூடும்: கணக்கை மீட்க உதவும் ‘ரெக்கவரி போன்’ என்பதில் ஒன்று, பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சோதனை வைக்கும் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ பகுதியில் இன்னொன்று. ஒன்றில் மாற்றினால் மற்றதில் தானாக மாறாது. பலர் சறுக்குவது இங்கேதான். ரெக்கவரி நம்பரை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். புதுப் போனில் நுழையும்போது உறுதிசெய்யும் எண், அதாவது கோடு, செத்த நம்பருக்குப் போகிறது.

வரிசையும் முக்கியம். பழைய நம்பரை முதலில் நீக்கக் கூடாது. துபாய் நம்பரை இரண்டு இடத்திலும் சேர்க்கட்டும். டூ ஸ்டெப் இதுவரை போடவில்லை என்றால் அதை ஆன் செய்யட்டும். பிறகு, நம்பர் இல்லாதபோதும் உள்ளே நுழைய உதவும் ‘பேக்கப் கோட்ஸ்’ எடுக்க வேண்டும். எட்டு இலக்கத்தில் பத்து கோடு வரும், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். இதைத் தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அது கூகுள் போட்டோஸில் போய் உட்காரலாம். மெயில் பூட்டிக்கொண்டால் அந்தப் படமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். புதிதாகப் பத்து எடுத்தால் பழைய பத்தும் செல்லாது என்பதையும் மறக்க வேண்டாம். அடுத்து, போனிலேயே கோடு உருவாக்கும் ‘ஆத்தென்டிகேட்டர்’ ஆப்பையும் இணைத்துவிட்டு, கடைசியாகப் பழைய நம்பரை நீக்கலாம்.

துபாய் நம்பர் சேர்த்தாயிற்றே, அது போதாதா என்றால், போதாது. அவர் ஊருக்குத் திரும்பினால் அந்த நம்பரும் நிற்கும். நம்பரை நம்பாத வழி ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும்.

தள்ளிப்போடவும் வேண்டாம். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு இணைப்பைத் துண்டிக்க தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி இடம் கொடுக்கிறது. துண்டித்து 90 நாள் கழிந்தபின் அதே நம்பரை வேறொருவருக்குக் கொடுக்கலாம். அப்புறம் உங்கள் மகனுக்கு வரவேண்டிய கோடு முகம் தெரியாத ஒருவர் போனில் விழும். ரெக்கவரி நம்பரை மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய நம்பருக்கும் கோடு அனுப்ப கூகுள் இடம் வைத்திருக்கிறது. நாளைக் கடத்த வேண்டாம் என்பது இதனால்தான். வங்கியில் கொடுத்த நம்பர் இதில் மாறாது. அதை வங்கியில் தனியாக மாற்ற வேண்டும்.

*புதுப் போனில் ஆத்தென்டிகேட்டர் ஆப்பை இறக்கினேன். உள்ளே ஒன்றுமே இல்லை. பழைய போன் கையில் இருக்கிறது. இன்னொன்று, மாஞ்சோலைப் பக்கம் போனால் டவர் கிடைக்காதே, அங்கே கோடு வருமா?*
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பழைய போன் இருக்கிறதே, கவலை வேண்டாம். கோடுகளுக்கான ரகசிய எண் அந்தப் போனில் இருக்கும் ஆப்புக்குள் இருக்கிறது. அதைக் கூகுள் கணக்கிலும் சேமித்துவைக்கும் ‘சின்க்’ வசதி 2023 ஏப்ரலில் வந்தது. அதைப் போடாதவர்களுக்குப் புதுப் போனில் காலியாகத்தான் தெரியும். பழைய போனில் ஆப்பைத் திறந்து, மெனுவில் ‘டிரான்ஸ்ஃபர் அக்கவுண்ட்ஸ்’, ‘எக்ஸ்போர்ட்’ கொடுங்கள். க்யூஆர் கட்டம் வரும். புதுப் போனில் ‘இம்போர்ட்’ கொடுத்து அதை ஸ்கேன் செய்யுங்கள். கம்ப்யூட்டரில், முன்பு நுழைந்தது நினைவில் இல்லாத இன்காக்னிட்டோ ஜன்னல் ஒன்றைத் திறந்து, புதுப் போனின் கோடைப் போட்டு நுழைந்து பாருங்கள். நுழைந்தால் மட்டுமே பழையதைத் துடையுங்கள்.

டவர் தேவையில்லை. ரகசிய எண்ணையும் போனின் நேரத்தையும் வைத்து 30 விநாடிக்கு ஒரு ஆறு இலக்கக் கோடை ஆப்பே கணக்கிடுகிறது. அதனால்தான் போனின் நேரம் தப்பாக இருந்தால் ‘தவறான கோடு’ என்று வரும். ‘ஆட்டோமேட்டிக் டைம்’ ஆன் செய்தால் சரியாகிவிடும்.

*வாட்ஸ்அப் கோடு ஒன்று என் போனுக்கு வந்தது. நான் கேட்கவே இல்லை. தெரிந்தவர் நம்பரிலிருந்து, “தவறி உனக்கு அனுப்பிட்டேன், சொல்லு” என்று மெசேஜ் வந்தது. சொல்லலாமா?*
– ஒரு வாசகர், வள்ளியூர்

சொல்லவே கூடாது. அந்த ஆறு இலக்கம் உங்கள் கணக்கை வேறு போனில் திறப்பதற்கானது. தெரிந்தவர் கணக்கை ஏற்கனவே யாரோ பிடித்திருப்பார்கள். அவருக்கு நேரடியாகப் போன் போட்டுச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்’, ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ போய் ஆறு இலக்க பின் ஒன்றை வைத்து, மெயில் முகவரியும் கொடுங்கள். மெயில் கொடுக்காமல் பின்னை மறந்தால் 7 நாள் காத்திருக்க நேரிடும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.